மூன்றடி வரைக்கும் செம்மண்

எனக்குச் சம்பளம் கொடுத்த வேலை குழி தோண்டுவது. யாராவது கேட்டால் "பிளானிங்ல இருக்கேன்" என்று சொல்லிக்கொள்வேன். திருவள்ளூர் மாவட்டத்தில் எங்கே வீடு வரலாம், எங்கே கம்பெனி வரலாம், எங்கே பயிரை விட்டுவைக்கலாம் என்று அரசாங்கத்துக்காகப் பெரிய வரைபடம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்த தனியார் அலுவலகத்தில் நான்கு வருடம் ஒப்பந்தக் களப்பணியாளனாக இருந்தேன். நிலத்தின் குணத்தைப் பார்த்துத்தான் அதன் உபயோகத்தை முடிவு செய்ய வேண்டும் என்பது அந்த வரைபடத்தின் கொள்கை. நல்ல கொள்கை. குணத்தைப் பார்த்து வர என்னை அனுப்பினார்கள், அது ஒன்றுதான் குறை.

வரைபடத்தில் வீட்டுக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா, விவசாயத்துக்குப் பச்சை, தண்ணீருக்கு நீலம். கும்மிடிப்பூண்டி ஜனங்கள் தாங்கள் எந்த நிறத்தில் குடியிருக்கிறோம் என்று தெரியாமலே பல் துலக்கி, நாஷ்டா முடித்து, ஷிப்டுக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் அப்பா காலத்தில் எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். இப்போது எல்லோரும் கழுத்தில் அடையாள அட்டையோடு தொழிற்பேட்டைக்குப் போகிறவர்கள். நான் மட்டும் அடையாள அட்டையும் மாட்டிக்கொண்டு மண்வெட்டியும் தூக்கினேன்.

எங்கள் தொழிலில் எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு. களத்துக்குப் போவதெல்லாம் ஏப்ரல், மே மாதங்களில்தான். மழைக்காலத்தில் வாடகை ஜீப் சேற்றில் இறங்காது. ஜீப் இறங்கினாலும் டிரைவர் இறங்கமாட்டார். அதனால் எங்கள் கோப்புகளில் இருந்த திருவள்ளூர் மாவட்டத்தில் ஒருநாளும் மழை பெய்ததில்லை. பள்ளிப்பட்டிலிருந்து எளாவூர் வரை, ஏரி என்று பெயர் வைத்த இடங்களின் நட்டநடுவில் ஜீப்பை நிறுத்தி, கருவேல மர நிழலில் புளிசோறு தின்றிருக்கிறோம்.

குழியின் ஆழம் மூன்றடி. ஃபாரத்தில் அப்படி அச்சடித்திருந்தது. முதல் அடிக்கு ஒரு கட்டம், இரண்டாவதுக்கு ஒன்று, மூன்றாவதுக்கு ஒன்று. நான்காவது அடியில் தங்கப் புதையலே கிடைத்தாலும் எழுதுவதற்கு இடமில்லை. எழுத இடமில்லாததை நான் ஏன் வியர்வை சிந்தித் தோண்டப் போகிறேன்?

இனி வீட்டு விஷயம். இரண்டு அறைகளில் ஏழு பேர் இருந்தோம். அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய பிள்ளைகள் இரண்டு பேர், நான், என் மனைவி. அண்ணன் டிப்பர் லாரி ஓட்டுகிறவன். அண்ணி தொழிற்பேட்டையில் ஒரு ஒயர் கம்பெனியில் பேக்கிங் பிரிவு. அவர் பழவேற்காடு ஏரிக்கரையில் மீன்பிடிக்கிற குப்பம் ஒன்றில் பிறந்தவர். அந்தக் காலத்தில் கம்பெனி பஸ்சை ஓட்டிக்கொண்டிருந்தவன் அண்ணன், தினமும் அதில் ஏறி இறங்கியவர் அண்ணி. மீதிக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அம்மாவுக்கும் அண்ணிக்கும் பத்து வருடத்தில் ஒரு சண்டைகூட வந்ததில்லை. இரண்டு பேரும் பேசிக்கொள்வதே அபூர்வம் என்பதால் சண்டைக்கு வழியில்லாமல் போயிற்று.

அண்ணிக்கு ஒரே ஒரு ஆசை. தானே பூட்டி, தானே திறக்கிற ஒரு கதவு வேண்டும். பெரிய வீடெல்லாம் அவர் கேட்கவில்லை. ஷிப்டு முடிந்து வந்து அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் யார் முகத்தையும் பார்க்காமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் முகங்களைத்தான் சொன்னார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நாங்களும் கோபித்துக்கொள்ளவில்லை.

வீடில்லாத நாற்பது குடும்பங்களுக்கு மனை கொடுக்க அரசாங்கம் இடம் தேடியது. எங்கள் ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, கல்கத்தா நெடுஞ்சாலையை விட்டு உள்ளே ஒரு புறம்போக்கு. நடுவில் மண்பாதை. பாதைக்குக் கிழக்கே தாழ்வு, மேற்கே மேடு. இரண்டையும் சோதித்து வர ஒரு மே மாதம் என்னை அனுப்பினார்கள். சிறுவயதில் நான் பள்ளிக்கூடம் போனது அந்தப் பாதையில்தான். மழைக்காலத்தில் டிரவுசரைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு போன இடம் அது. அதெல்லாம் எனக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கையில் ஃபாரம் வந்துவிட்டால் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோய்விடும்.

கிழக்கில் மண்வெட்டி இட்லி மாவில் கரண்டி இறங்குவதுபோல் இறங்கியது. மூன்றடியும் ஒரே சீரான செம்மண். நான்கு வருட அனுபவத்தில் அவ்வளவு அழகான மண்ணை நான் பார்த்ததில்லை. அள்ளி மோந்துகூடப் பார்த்தேன். இரண்டாவது அடியில் ஒரு சிப்ஸ் பாக்கெட் வந்தது. பூமிக்கு இரண்டடி கீழே சிப்ஸ் பாக்கெட் எப்படிப் போயிற்று என்று ஒரு நிமிஷமாவது யோசித்திருக்கலாம். "அந்நியப் பொருள்: சிறிதளவு" என்கிற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு மேலே போனேன்.

பக்கத்தில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "தம்பி, இங்க தண்ணி நிக்கும்" என்றார்.

நான் சுற்றிலும் பார்த்தேன். மே மாத நண்பகல். காக்காய்கூட நாக்கு உலர்ந்து கிடந்தது. "எங்க நிக்குது?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எருமையிடம் போய்விட்டார். ஊர்க்காரர் சொல்வதை எழுத ஃபாரத்தில் கட்டம் கிடையாது, அதனால் எழுதவில்லை. "செம்மண். நல்ல ஆழம். நீர் எளிதில் வடியும். குடியிருப்புக்கு உகந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மேற்கு மேட்டில் எல்லாம் சரளை. கடப்பாரையைப் போட்டால் ணங்கென்று எனக்கே திருப்பி அனுப்பியது. அரை அடி போவதற்குள் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். எனக்கு அந்த மேட்டின் மேலேயே கோபம் வந்துவிட்டது. "கடினத் தரை. மேற்கொண்டு தோண்ட இயலவில்லை" என்று எழுதிவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்தேன்.

அலுவலகத்தில் பரீட்சைத் தாளுக்குப் போடுவதுபோல நிலத்துக்கு மார்க் போடுவார்கள். மண்ணின் ஆழத்துக்குத்தான் அதிக மார்க். கிழக்குப் பள்ளம் முதல் வகுப்பில் தேறியது. மேற்கு மேடு ஆழத்தில் முட்டை வாங்கிப் பெயிலானது. கிழக்குக்கு மஞ்சள் அடித்தார்கள், மேற்குக்கு ஊதா. மேற்கை எந்தக் கம்பெனியும் வந்து கேட்காததால் அது சும்மா கிடந்தது.

அடுத்த வருடம் ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தில் குலுக்கல் நடந்தது. மனை கேட்டு மனு போட்டிருந்த அண்ணிக்குப் பதினேழாம் நம்பர் விழுந்தது. வரும் வழியில் ஜிலேபி வாங்கி வந்தார். அம்மாவும் இரண்டு எடுத்துத் தின்றார். பிரிந்து போகப் போகிறோம் என்றதும் மாமியார், மருமகள் இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு வெளிச்சம். இடம் எது என்று தெரிந்ததும் எனக்கு உள்ளுக்குள் பூரித்துப் போயிற்று. நான் தேர்ந்தெடுத்த மஞ்சளில் அண்ணி வீடு கட்டப் போகிறார். அலுவலக விஷயத்தை வெளியில் சொல்லக்கூடாது என்று உத்தரவு இருந்ததால் வாயைக் கட்டிக்கொண்டேன். இல்லாவிட்டால் அன்றைக்கே பீற்றிக்கொண்டு, பிறகு இன்னும் அதிகமாகக் கேவலப்பட்டிருப்பேன்.

அக்டோபரில் முதல் மழை பெய்த மறுநாள் அண்ணி மனையைப் பார்த்து வரப் போனார். திரும்பி வந்தபோது செருப்பு காலில் இல்லை, கையில் இருந்தது. வாசலிலேயே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நண்டு வளை மேல யாராச்சும் ஊடு கட்டுவாங்களா?"

"நண்டா?"

"நண்டுதான். என் பிளாட்டுக்கு நாலு மூலைக்கும் கல்லு நட்டுக்கீறாங்க இல்ல, ஒவ்வொரு கல்லாண்டயும் ஒரு வளை கீது. கோரை வேற மொளச்சிக்கினு கீது. நான் ஏரிக்கரைல பொறந்தவ. எனக்கே சேத்தக் குடுத்து ஊடு கட்டிக்கோன்றாங்க."

"நல்ல செம்மண்ணு ஆச்சே, அண்ணி."

"உனக்கு எப்டித் தெரியும்?"

"பொதுவா, அந்தப் பக்கமெல்லாம் செம்மண்ணுதான்."

அண்ணி செருப்பைக் கீழே போட்டார். "அந்த எடத்துல ஊடு கட்டலாம்னு எவன் எய்திக் குடுத்தான்னு தெரில. அவன் மட்டும் கைல மாட்டட்டும், அந்த நண்டு வளையிலயே தலகீயா நட்டுடறேன்."

அந்தத் தலை என்னுடையதுதான் என்று சொல்ல வாய் வரவில்லை. "தோண்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்று எதையோ உளறினேன். அண்ணி அதைப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு என்னை இழுத்துக்கொண்டு போனார். பதினேழாம் நம்பர் மனையின் நடுவில் நின்று, "இங்க போடு" என்றார். தோண்டினேன். செம்மண் வந்தது. மேலும் செம்மண் வந்தது. எனக்கு உயிர் திரும்பியது. மூன்றடி ஆனதும் பழக்கதோஷத்தில் மண்வெட்டியை வெளியே வைத்துவிட்டு ஏறி வந்துவிட்டேன்.

"இன்னா, நின்னுட்ட?"

"மூணு அடி ஆயிடுச்சி அண்ணி."

"ஆனா இன்னா?"

"மூணு அடிதான் தோண்டுவாங்க."

"யாரு தோண்டுவாங்க?"

அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழியில் இறங்கினார். மூன்று வெட்டு வெட்டியிருப்பார், நாலாவது வெட்டில் மண் கறுத்தது. அடுத்த வெட்டில் சேற்று நாற்றம் குப்பென்று வந்தது. பிறகு வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள். பிறகு தண்ணீர் ஊறிக்கொண்டு வந்து அவருடைய கணுக்காலை மூடியது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "செம்மண்ண மேல போத்திக்கினு கீய ஏரி தூங்கினு கீது" என்றார்.

அன்று சாயங்காலம் அண்ணன் லாரியை நிறுத்திவிட்டு வந்து சோற்றில் கை வைத்தபோது அண்ணி விஷயத்தைச் சொன்னார். அதுவரை அண்ணன் அந்த மனையைப் போய்ப் பார்த்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அவனுக்கு லோடு இருக்கும்.

"எந்த எடம்?" என்று கேட்டான். "அந்த மண்ணு ரோட்டுக்குக் கெயக்காலயா? அது நம்ம அடிச்ச மண்ணுமே."

"இன்னாது?"

"ரெண்டு வர்சம் ஆவுது. ஒரு கொடோன்காரன் லாரி நிறுத்த எடம் வேணும்னு கேட்டான். ஆர்.கே.பேட்டைக்கு அந்தாண்டருந்து சவுடு ஏத்தியாந்து ஒரு மாசம் கொட்னோம். அப்பால அவன் வேணான்னு பூட்டான். ஒரே பேஜாரு." என்னைப் பார்த்து, "கொயம்பு ஊத்து" என்றான்.

நான் குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். மாவட்டத்தின் மேற்குக் கோடியில் சிவனே என்று கிடந்த மண்ணை அண்ணன் வாரி ஏற்றிக்கொண்டு வந்து கிழக்குக் கோடியில் கொட்டியிருக்கிறான். அடுத்த மே மாதம் தம்பி போய் அதையே தோண்டி எடுத்து, "இந்நிலத்தின் இயற்கையான தன்மை" என்று சான்றிதழ் எழுதியிருக்கிறான். தினமும் ஒரே பானைச் சோற்றைத் தின்கிற இரண்டு பேர். அவன் எங்கே கொட்டுகிறான் என்று நான் கேட்டதில்லை, நான் எங்கே தோண்டுகிறேன் என்று அவனும் கேட்டதில்லை. அந்த சிப்ஸ் பாக்கெட்கூட அவன் தின்றுபோட்டதாக இருக்கலாம். அதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

அண்ணி மற்ற குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு மனு எழுதினார். அதைச் சரியான ஆளிடம் சேர்க்கும் பொறுப்பு, பிளானிங்கில் இருக்கிறவன் என்பதால், என் தலையில் விழுந்தது. என் மேலதிகாரி சென்னையிலிருந்து வருகிறவர். நல்ல மனிதர். கம்ப்யூட்டரில் நிறம் அடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மனுவைப் படித்துவிட்டு என் பழைய ஃபாரத்தைத் திரையில் எடுத்தார்.

"மண் ஆழம் பிரமாதமா இருக்கே. உங்க ரிப்போர்ட்தானே இது?"

"ஆமா சார்."

"அப்புறம் என்ன பிரச்சினை?"

"மழையில ஒரு தடவை நேர்ல பார்த்தா தெரியும் சார்."

"மழையில ஜீப் போகாதே" என்றார் அவர், பரிதாபமாக.

இதை வீட்டில் சொன்னபோது அண்ணி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஜீப்பு போலன்னா டிப்பர்ல இட்டுக்கினு வா" என்றார். அப்படித்தான் நவம்பர் மாதத்தில், மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, திட்டமிடல் வல்லுநர் ஒருவர் ரெயின்கோட் போட்டுக்கொண்டு டிப்பர் லாரியில் ஏறி உட்கார்ந்தார். ஓட்டுவது அண்ணன், ஓரத்தில் அண்ணி, நடுவில் அதிகாரி. கேபினில் இடமில்லாததால் நான் பின்னால் மண் கொட்டுகிற பெட்டியில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். நெடுஞ்சாலையில் போனவர்களெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

பாதையை விட்டுக் கிழக்கே இறங்கும்போது அதிகாரி, "வண்டி மாட்டிக்காதே?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன், "ஒண்ணியும் பயப்படாதீங்க சார், இது நம்ம கொட்ன மண்ணுதான்" என்று தைரியம் சொல்லியிருக்கிறான். வண்டி இருபது அடி போனது. பிறகு பின்சக்கரங்கள் மெதுவாக, அவசரமே இல்லாமல், அச்சு வரைக்கும் உள்ளே போயின. அண்ணன் எஞ்சினை உறுமவிட உறுமவிட லாரி தான் கொட்டிய மண்ணுக்குள் தானே இறங்கியது.

அதிகாரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நாலு பக்கமும் தண்ணீர். மனைக் கற்களின் தலை மட்டும் வரிசையாகத் தெரிந்தது. அவர் பையிலிருந்து வரைபடத்தை எடுத்து மடியில் விரித்து, பின்பக்கம் திரும்பிக் கத்தினார்.

"இப்ப நாம எங்க இருக்கோம்?"

"மஞ்சள்ல சார்" என்று நானும் கத்தினேன்.

அண்ணிதான் முதலில் இறங்கினார். முழங்கால் தண்ணீரில் ஒரு குச்சியால் குத்திக் குத்திப் பார்த்து, "இங்க கால வை சார், அங்க வெக்காத" என்று வழி காட்டினார். அதிகாரி ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, பேன்ட்டைத் தொடை வரைக்கும் சுருட்டிக்கொண்டு, சொன்ன இடத்தில் சொன்ன காலை வைத்து நடந்தார். பாதையைத் தாண்டி மேற்கு மேட்டில் ஏறினோம். அங்கே எங்களுக்கு முன்பே கூட்டம் இருந்தது. அக்கம்பக்கத்து எருமைகள், ஆடுகள், இரண்டு கழுதைகள் எல்லாம் வந்து நின்றுகொண்டிருந்தன. யாரும் ஓட்டி வந்ததாகத் தெரியவில்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது, ஆனால் விழுந்த தண்ணீர் சரளையில் நிற்காமல் வழிந்து ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் காலடித் தடம்கூடப் பதியவில்லை. எருமை மேய்க்கிற அந்த மனிதரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார் போல. அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது அவருடைய பெருந்தன்மை.

அதிகாரி ஒரு ஆட்டுக்கும் எருமைக்கும் நடுவில் நின்றபடி காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். "இங்க தண்ணியே நிக்கலையே. இதுக்கு ஏன் மார்க் வரல?"

"மண்ணு ஆழம் இல்ல சார்" என்றேன்.

"ஊடு இன்னா வேரா உடப்போவுது சார்?" என்றார் அண்ணி.

அதிகாரி என் பக்கம் குனிந்து, அந்த ஆழத்துக்கான மார்க்கெல்லாம் பயிருக்காகப் போட்ட பழைய பட்டியலிலிருந்து அப்படியே எடுத்தது என்று காதோடு காதாகச் சொன்னார். லாரியை வெளியே எடுக்க ஜேசிபி வந்து சேரும்வரை நாங்கள் எல்லோரும் ஆடுகளோடு ஆடுகளாக அங்கேயே நின்றோம்.

மறுநாள் அலுவலகத்தில் அதிகாரி கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னார். நான்கு வருடத்தில் அவர் என்னை உட்காரச் சொன்னது அன்றைக்குத்தான். பொங்கலுக்குக் கிழக்குப் பள்ளத்தில் பட்டா கொடுத்துவிடுவார்கள், கொடுத்த பிறகு யாராலும் மாற்ற முடியாது என்றார். மாற்றுவதற்கு இரண்டு வழி இருந்தது. "மழையினால் நிலத்தின் தன்மை மாறியுள்ளது" என்று எழுதலாம். யார் மேலும் பழி வராது. ஆனால் கோப்பு மறு ஆய்வுக்குப் போகும், ஆய்வு வழக்கம்போல மே மாதத்தில் நடக்கும், அதற்குள் பட்டா கைக்கு வந்திருக்கும். இன்னொன்று, "களப்பணியாளரின் பிழை" என்று எழுதுவது. பிழை என்றால் திருத்தம் போதும், ஒரே மாதத்தில் முடிந்துவிடும்.

"ஆனா அத நீங்கதான் எழுதிக் கையெழுத்துப் போடணும்" என்றார். "உங்க ஒப்பந்தம் ஜனவரியில முடியுது. யோசிச்சுக்குங்க."

யோசித்தேன். மூன்று நாள் யோசித்தேன். வயிறு சரியில்லை என்று லீவு போட்டேன், அது பொய்யும் இல்லை. நான்தான் எழுதினேனா, ஃபாரம் எழுத வைத்ததா என்று எனக்குள்ளேயே ஒரு கோர்ட் நடத்தி, எனக்கு நானே வக்கீலாக வாதாடி, தினமும் மத்தியானத்துக்குள் என்னை விடுதலை செய்துகொண்டிருந்தேன். சாயங்காலம் அண்ணி ஷிப்டு முடிந்து வருகிற சத்தம் கேட்டதும் தீர்ப்பு மாறிவிடும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அண்ணி தன் டிரங்குப் பெட்டியைத் திறந்து எதையோ வெளியே எடுத்து, தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். பித்தளைப் பூட்டு. குலுக்கல் நடந்த மறுநாளே வாங்கிவிட்டாராம். மழைக்காலத்தில் துருப்பிடித்துவிடக் கூடாது என்று துடைக்கிறார். வீடு இல்லை, கதவு இல்லை, பூட்டு மட்டும் பளபளவென்று இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படி ஒரு வெட்கம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை.

மறுநாள் காலையில் போய் எழுதினேன். மூன்றடியோடு நிறுத்தியது என் தவறு. சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்தும் சந்தேகப்படாதது என் தவறு. தண்ணீர் நிற்கும் என்று ஊர்க்காரர் சொன்னதை அலட்சியம் செய்தது என் தவறு. மேட்டைத் தோண்டக் கை வலித்ததால் அதன் மேல் கோபத்தில் எழுதியது என் தவறு. கடைசியாக, மேற்படி செம்மண் என் உடன்பிறந்த அண்ணன் கொட்டியது என்றும் எழுதியிருந்தேன். அதிகாரி படித்துவிட்டு அந்தக் கடைசி வரியை மட்டும் அடித்தார். "இது வேண்டாம். நம்பமாட்டாங்க" என்றார்.

திருத்தம் வந்தது. மேற்கு மேடு மஞ்சளாயிற்று. கிழக்குப் பள்ளத்துக்கு நீலம் அடிக்க வேறொரு துறையின் சம்மதம் வேண்டுமாம், அதனால் இப்போதைக்குப் பச்சை. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு நாற்பது குடும்பங்களுக்கும் மேட்டில் மனை அளந்து கொடுத்தார்கள். அதே வாரத்தில் என் சேவைக்கு நன்றி தெரிவித்து எனக்கும் ஒரு கடிதம் வந்தது.

வீட்டில் சொல்லவில்லை. தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, கும்மிடிப்பூண்டி ரயில்வே ஸ்டேஷனில் போய் உட்கார்ந்து, சென்னைக்குப் போகிற வண்டிகளை எண்ணிவிட்டுச் சாயங்காலம் களைத்துப்போய்த் திரும்பி வருவேன். வேலை இருந்தபோதுகூட அவ்வளவு களைப்பு வந்ததில்லை.

ஒருநாள் சாயங்காலம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அண்ணி பட்டாக் காகிதங்களை எடுத்து வந்து பிரித்தார். கூடவே திருத்த உத்தரவும், அதற்குப் பின்னால் ஆதாரமாக என் கடிதத்தின் நகலும் இணைக்கப்பட்டிருந்தன. அரசாங்கம் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அண்ணி நிறுத்தி நிதானமாக, மூன்றடியிலிருந்து கை வலி வரைக்கும், ஒரு வரி விடாமல் சத்தமாகப் படித்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

"என்னப் பத்தி ஏன் ஒண்ணியும் எய்தல?" என்று அண்ணன் குறைப்பட்டுக்கொண்டான்.

அண்ணி காகிதத்தை மடித்தார். "எனக்கு எப்பவோ தெரியும் தம்பி. பள்ளத்துலருந்து ஏறிக்கினு, மூணு அடிதான் தோண்டுவாங்கன்னு சொன்ன பாரு, அப்பவே தெரியும்."

"அப்ப ஏன் அண்ணி கேக்கல?"

"நீயா சொல்றியான்னு பாத்துக்கினு இருந்தேன்." பட்டாவைப் பெட்டியில் வைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "நீ பைய மாட்டிக்கினு டேசன்ல போயி குந்திக்கினு கீறதும் தெரியும். எங்க கம்பெனிப் பொண்ணுங்க தெனம் உன்னப் பாக்கறாங்க. நான் உன் அண்ணனாண்ட சொல்லிட்டேன். ஊடு கட்டறப்ப முன்னாடி ஒரு ரூம்பு சேத்துப் போடறோம். வேல கெடைக்கற வரிக்கும் நீயும் உன் பொண்டாட்டியும் அங்க வந்து இருங்க."

பத்து வருடமாக அவர் காத்திருந்ததே எங்களிடமிருந்து தப்பிக்கத்தான். தப்பிக்கப் போகிற சமயத்தில் எங்களில் இரண்டு பேரைக் கையைப் பிடித்துத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறார், அதுவும் அவருடைய வீட்டைச் சேற்றில் போடப் பார்த்தவனை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் முன்னால் என்றுகூடப் பார்க்காமல், வாயில் சோற்றை வைத்துக்கொண்டே அழுதேன்.

"அயாம துண்ணு" என்றார் அண்ணி. "நாளைக்கு ஊட்டு அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டணும். ஆளு வெச்சா சரளையப் பாத்துட்டு ஓடிப் பூடுவாங்க. நீதான் வர."